பாட்டுக்கு அடியில் ஒருத்தன் கூப்பிட்டால்

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்கிற பொழுதுபோக்கில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. கேட்பவர் கேட்க வேண்டும். நேரம், அலைவரிசை, ஒலியின் தரம், ஓடிய பாட்டு, அறிவிப்பாளர் பேசியது எல்லாவற்றையும் வரி வரியாக எழுதி அனுப்ப வேண்டும். பதிலுக்கு, நாம் கேட்டது சரிதான் என்று நிலையம் உறுதிப்படுத்துகிற கியூ.எஸ்.எல். அட்டை வந்தால் பத்திரப்படுத்த வேண்டும். அதற்கு மேல் நிலையத்தாருக்குப் புத்தி சொல்லக் கூடாது. பெரிய அரசு நிலையங்களுக்கே இப்படி என்றால், எந்த அரசின் அனுமதியும் இல்லாமல், பிடிபட்டால் கருவியும் போகும் அபராதமும் விழும் என்று தெரிந்தே ஒலிபரப்புகிற பைரேட் நிலையக்காரர்கள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அந்த மனிதர் கைக்காசைப் போட்டு, சனிக்கிழமை ராத்தூக்கத்தைக் கெடுத்து, முகம் தெரியாதவர்களுக்காகப் பாட்டுப் போடுகிறார். அவருக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? இப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். போன தை மாதத்தில் ஒரு விடியற்காலை என் தாய்மாமா ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு இந்தச் சட்டத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. இன்றுவரை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் இருப்பது தொண்டிக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவே, பாக் விரிகுடாக் கரையில். எங்கள் ஊரில் ரேடியோ என்றாலே கடலைத் தாண்டி வருவது என்றுதான் அர்த்தம். இலங்கை வானொலி பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறிவிப்பாளரின் குரலை வைத்தே மணி சொன்ன தலைமுறை இன்னும் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. இப்போதும் டீக்கடையில் ஓடுவது சூரியனோ சக்தியோதான். தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்போனே அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு இலங்கைக்கு நல்வரவு சொல்கிறது. சின்ன வயதில் எனக்கு ஒன்று புரிந்ததே இல்லை: தபாலாபீஸில் ஒரு சின்னப் புத்தகம் போட்டு, வருஷா வருஷம் பணம் கட்டி, வில்லை ஒட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கினார்கள்; அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்டது அடுத்த நாட்டு ரேடியோவை.

அதன் காரணம் பிறகுதான் தெரிந்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து அதை ஒதுக்கினார். பாட்டு வேண்டியவர்கள் முள்ளைச் சிலோன் பக்கம் திருப்பினார்கள். அரசு வேறு வழியில்லாமல் 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியது. இதே கதை சில வருஷம் கழித்து இங்கிலாந்திலும் நடந்தது. 1964 ஈஸ்டர் சமயத்தில் ரேடியோ கரோலின் என்ற நிலையம் ஒரு கப்பலில் ஏறி, நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே நங்கூரம் போட்டு, பிபிசி கிள்ளிக் கொடுத்த பாப் பாட்டை அள்ளிக் கொடுத்தது. 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டு அந்தக் கப்பல்களுக்கு உதவுவதையே குற்றமாக்கினார்கள். அடுத்த மாதக் கடைசியில் பிபிசி தானே ‘ரேடியோ ஒன்’ என்று பாப் பாட்டுக்கு ஒரு நிலையம் திறந்தது. சிலோன் முறைப்படி நடந்த அரசு நிலையம், கரோலின் சட்டத்துக்கு வெளியே நின்ற கப்பல். ஆனால் கரையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அனுபவம் ஒன்றுதான்: உனக்கு இது வேண்டாம் என்று மேலே ஒருவர் முடிவு செய்த பாட்டு, கடல் வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பைரேட் வானொலி மேல் எனக்குள்ள பாசத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பாசம் ஆழமானதற்கு இன்னொரு காரணம், சிற்றலையே காலியாகிக்கொண்டு வந்தது. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி பிபிசி தமிழோசை தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்தடுத்து ஒவ்வொரு நிலையமாக இணையத்துக்குக் குடிபெயர்ந்தது. 49 மீட்டர் பட்டையில் முள்ளை நகர்த்தினால் சீனாவும் மதப் பிரசாரமும், நடுவே நீண்ட வெறுமையும்தான். அந்த வெறுமையின் ஓரத்தில், வாரக் கடைசிகளில், யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ‘நான் இருக்கிறேன், கேட்கிறதா’ என்று விசாரிப்பதைக் கேட்டபோது, பெரிய நிலையங்கள் கைவிட்டுப் போன வேலையை இவர்கள்தான் செய்கிறார்கள் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாற்பத்தெட்டு மீட்டர்

ஐரோப்பிய பைரேட்டுகள் கூடுகிற இடம் 6200-லிருந்து 6400 கிலோஹெர்ட்ஸ் வரை. கேட்கிறவர்கள் 48 மீட்டர் என்பார்கள். அமெரிக்காவில் இதே ஆட்கள் 6925-ஐச் சுற்றி நிற்பார்கள். ஏன் இந்த 6200? 49 மீட்டர் ஒலிபரப்புப் பட்டை 6200-ல் முடிகிறது. சாதாரணக் குடும்ப ரேடியோக்களின் முள் அதையும் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடும். அனுமதி பெற்ற நிலையங்களின் நெரிசலும் இல்லை, கேட்பவரிடம் விசேஷக் கருவியும் தேவையில்லை. பைரேட்டுக்கு இதைவிட வசதியான திண்ணை கிடையாது. சிக்கல் என்னவென்றால் 6200-க்கு மேலே உள்ள இடம் சும்மா கிடக்கிற புறம்போக்கு கிடையாது. 6200 முதல் 6525 வரை சர்வதேச ஒப்பந்தப்படி கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் உரியது. இதைப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லோரும் அறிவோம். அறிந்துகொண்டே தாண்டிப் போவோம்.

பெரும்பாலும் இவர்களுடைய சக்தி சில பத்து வாட்டிலிருந்து சில நூறு வாட் வரைதான். தூத்துக்குடி வானொலி 1053-ல் இருநூறு கிலோவாட் கொடுக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்ன வெளிச்சம் என்று விளங்கும். பழைய 807, 813 வால்வுகளைத் தேடிப் பிடித்துத் தானே பற்றவைத்துக் கட்டிய டிரான்ஸ்மிட்டர்கள் பல. அது சுமார் எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி எங்கள் கரைக்கு வருவது எப்போதாவதுதான். பனிக்காலத்தில், ஐரோப்பாவிலும் இங்கேயும் ஒரே நேரத்தில் இருட்டாக இருக்கிற மணிகளில், மேல்வானம் அந்த அலையை மடக்கி மடக்கி அனுப்பும். அங்கே சனிக்கிழமை இரவு பதினொரு மணி என்றால் நமக்கு ஞாயிறு விடியற்காலை மூன்றரை.

வீட்டில் வைத்துக் கேட்க முடியாது. எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து 6 மெகாஹெர்ட்ஸை இரைச்சலில் மூழ்கடித்துவிடும். அதனால் கடற்கரைக்குப் போவேன். ஒரு பனையிலிருந்து இன்னொரு பனைக்குச் செம்புக் கம்பி. உப்புக்காற்றில் ஒரே பருவத்தில் அது பச்சை பூத்துவிடும். நுனியைச் சுரண்டிச் சுரண்டியே கம்பி குட்டையாகிக்கொண்டு வருகிறது. ரோந்து வருகிறவர்கள் டார்ச் அடித்து விசாரிப்பார்கள். ரேடியோவைக் காட்டி, இது கேட்பதற்கு மட்டும்தான், பேச முடியாது என்று விளக்குவேன். இந்தக் கரையில் நடுராத்திரியில் ஒருத்தன் ஒயரும் ரேடியோவுமாக உட்கார்ந்திருந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பைரேட்டைப் பிடிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்காக: முதலில் குரலைத் தேடாதீர்கள். டெக்சன் ரேடியோவை எஸ்.எஸ்.பி. என்ற முறையில் போட்டு, 6200-லிருந்து மெல்ல மெல்ல மேலே வாருங்கள். குரல் வருவதற்கு முன்னால் நிலையத்தின் குரலைச் சுமந்து வருகிற ஊர்தி அலை ஒரு சீழ்க்கையாகக் கேட்கும், காதோரம் கொசு வந்து போவதுபோல. அந்தச் சீழ்க்கை தடிமனாகித் தடிமனாகி, அடிக்குரலாகி, அடங்குகிற இடத்தில் நிறுத்துங்கள். பிறகு சாதாரண ஏ.எம். ஒலிபரப்பு முறைக்கு மாற்றிக் காத்திருங்கள். ஐந்து நிமிஷமோ அரை மணியோ. திடீரென்று மேலே யாரோ ஜன்னலைத் திறந்தாற்போல் ஒரு அக்கார்டியன் வாசிப்பு நான்கு அடி வந்துவிட்டுப் போகும். அந்த நான்கு அடிக்காகத்தான் இவ்வளவும்.

மாமா கேட்டது

மாமா முன்பு விசைப்படகு டிரைவர். இப்போது சொந்தமாகச் சின்ன வல்லம், நண்டு வலை. அன்றைக்கு வாடை தணிந்து கடல் அசையாமல் கிடந்தது. வலை எடுக்கப் போகிற வழியில் என் கம்பியைப் பார்த்துவிட்டு வந்து மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். 6220-ல் ஒரு ஹாலந்து நிலையம் நான் அதுவரை கேட்டிராத தெளிவோடு வந்துகொண்டிருந்தது.

“என்ன மாப்ள, இன்னைக்கு எந்த ஊரு?”

“ஹாலந்து மாமா. வீட்ல வச்சு ஒருத்தரு பாட்டுப் போடுறாரு. லைசென்ஸ் கெடையாது.”

“லைசென்ஸ் இல்லாமயா இம்புட்டுத் தூரம் வருது?” அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். தலையை ஆட்டிக் கொஞ்ச நேரம் கேட்டார். “வாசிப்பு நல்லாத்தான் இருக்கு. எந்த லைனு இது?”

எங்கள் பக்கம் சேனலை லைன் என்பார்கள். நான் விளக்கமாகச் சொன்னேன். இது கப்பல்காரர்களின் பட்டை, பக்கத்திலேயே 6215 இருக்கிறது, படகில் பேசுகிற வி.எச்.எஃப். செட்டில் ஆபத்துக்கு 16-ஆம் லைன் எப்படியோ, தூரக்கடலில் போகிற கப்பலுக்குப் பேச்சில் ஆபத்துச் சொல்ல 6215 அப்படி, 2182, 4125, 8291 என்று இன்னும் சில இருக்கின்றன, என்றெல்லாம். தெரிந்ததைச் சொல்கிற உற்சாகம் எனக்கு. அவர் பீடியை அணைத்துவிட்டு, ரேடியோவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப இந்தப் பாட்டுக்கு அடியில ஒருத்தன் கூப்பிட்டா யாருக்கு மாப்ள கேக்கும்?”

நான் பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தானாகவே பழைய கதை ஒன்றைச் சொன்னார். விசைப்படகில் இருந்த காலம். நல்ல வாடையில் இஞ்சின் நின்றுபோய்விட்டது. நங்கூரம் பிடிக்கவில்லை. படகு தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. செட்டை எடுத்து 16-ல் அழுத்தினால் உள்ளே சினிமாப் பாட்டு. எந்தப் படகிலோ செட்டின் மைக் பட்டன் அமுங்கிக் கிடக்கிறது. பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள், அந்த ரப்பர் பேண்டே பட்டனை அழுத்திக்கொண்டிருந்திருக்கலாம். அந்தப் படகின் டேப் ரிக்கார்டரும், ஆட்கள் சிரித்துப் பேசுவதும், சோறு வடிக்கிற ஏனத்தின் சத்தமும்கூட இவருக்குத் துல்லியமாகக் கேட்கிறது. இவர் கத்துவது அவர்களுக்குக் கேட்கவில்லை. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

“எம்புட்டு நேரம் மாமா?”

“அவுக பேட்டரி தீர்ற வரைக்கும். பாட்டு இழுத்து இழுத்து நின்னுச்சு பாரு, அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. ஒடனே கூப்பிட்டேன், மறு நிமிசம் பதில் வந்துருச்சு. பாசிப்பட்டினத்துக்காரவுக வந்து கட்டி இழுத்தாக.” எழுந்து கைலியில் ஒட்டிய மணலைத் தட்டினார். “அவுக மேல தப்புச் சொல்ல முடியாது அப்பு. வேணும்னா செஞ்சாக? ஆனா அன்னைக்கு ஓடுன பாட்டு ஒண்ணு இருக்கு, கல்யாண வீட்ல போட்டாக் கூட எந்திரிச்சுப் போயிருவேன்.”

வல்லத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்கு வந்தேன். அந்த வருஷத்தின் மிகச் சிறந்த வரவேற்பு அது. அதற்கு அறிக்கை எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை.

எவ்வளவு ஆபத்து?

மாமாவுக்கு அன்று சொல்ல நினைத்த பதிலை இங்கே சொல்கிறேன். வி.எச்.எஃப். செட் எஃப்.எம். முறையில் வேலை செய்கிறது. எஃப்.எம்.மில் வலுத்த அலை இளைத்த அலையை முழுசாக விழுங்கிவிடும். இரண்டாவது ஆள் இருந்தான் என்பதே தெரியாது. அன்று மாமாவுக்கு நடந்தது அதுதான். சிற்றலையில் பைரேட் ஏ.எம்., கப்பல் எஸ்.எஸ்.பி. என்பதால் அப்படி முழுசாக விழுங்காது. பாட்டும் குரலும் சீழ்க்கையும் கலந்து வரும். பழகிய காது பிரித்துக் கேட்கவும் கூடும். தவிர, கப்பல்கள் இப்போது வெறும் குரலை நம்பி இல்லை. 1999 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிற ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற உலகக் கடல் ஆபத்து ஏற்பாட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் எண்ணிலக்க அழைப்பு போகும், செயற்கைக்கோள் இருக்கிறது, மூழ்கினால் தானே மிதந்து 406 மெகாஹெர்ட்ஸில் கூவுகிற பீக்கன் இருக்கிறது. ஒரு பைரேட் டிரான்ஸ்மிட்டரால் ஒரு கப்பலின் கூக்குரல் அடிபட்டுப் போவதற்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு.

இதெல்லாம் உண்மை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. 6220-ல் நிற்கிற ஏ.எம். நிலையம் இருபுறமும் ஏறக்குறைய ஐந்து கிலோஹெர்ட்ஸ் பரவும். 6215-ல் எஸ்.எஸ்.பி. குரல் 6215-க்கு மேலே மூன்று கிலோஹெர்ட்ஸ் இடத்தில் உட்காரும். பாட்டு நேராக அதன் மேல்தான் விழுகிறது. ஹாலந்துக்காரர் தன் பக்கத்துக் கடலில் கப்பல் எதுவும் கூப்பிடவில்லை என்று கேட்டுவிட்டேகூட ஒலிபரப்பைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு எனக்குக் கேட்கிறது. தொண்டிக் கரையில் எனக்குக் கேட்கிறதென்றால், இலங்கைக்குத் தெற்கே போகிற ஒரு கப்பலின் ரேடியோ அறையிலும் கேட்கும். எட்டாயிரம் கிலோமீட்டர் வந்துவிட்டதே என்று நான் துள்ளுகிற அதே தூரம்தான் அங்கே இடைஞ்சல். வரவேற்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இடைஞ்சலும் பெரிசு. என் அறிக்கையில் நான் கொடுக்கிற மதிப்பெண் எதற்கு என்ற கேள்வி இங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

இதில் கூடுதல் வருத்தம், கடலின் உதவி இல்லாமல் பைரேட் வானொலிக்கு ஒரு வரலாறே இருந்திருக்காது என்பது. 1971 மே 15-ஆம் தேதி இரவு, ஹாலந்துக் கரைக்கு வெளியே நின்ற ரேடியோ நார்த்சீ இன்டர்நேஷனலின் கப்பல் மெபோ 2-க்குத் தீ வைத்தார்கள். ரப்பர் படகில் வந்து குண்டு வைத்த வேலை. போட்டி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் பின்னால் அதற்குச் சிறைக்குப் போனார்கள். அன்று அறிவிப்பாளர்கள் பாட்டை நிறுத்திவிட்டு, தங்கள் ஒலிபரப்பிலேயே மேடே, மேடே என்று ஆபத்து அழைப்பு கொடுத்துக் கூப்பிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த சாதாரண ஜனங்கள் காவல்துறைக்கும் கடலோரக் காவலுக்கும் சொன்னார்கள். ஆட்கள் பிழைத்தார்கள். 1980 மார்ச் 19-ஆம் தேதி, கரோலினின் மி அமிகோ கப்பல் நங்கூரச் சங்கிலி அறுந்து தேம்ஸ் முகத்துவாரத்து மணல்திட்டில் தட்டித் தண்ணீர் ஏறியது. கொந்தளிக்கிற கடலில் ஷீர்னஸ் உயிர்காப்புப் படகு போய், நான்கு பேரையும் அவர்கள் வளர்த்த கேனரிப் பறவையையும் மீட்டு வந்தது. அந்தப் படகுக்காரர்கள் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கப்பல் மூழ்கிய பிறகும் அதன் கம்பம் மட்டும் வருஷக்கணக்கில் தண்ணீருக்கு மேலே நின்றது. கடலில் இருப்பவன் கூப்பிட்டால் போக வேண்டும் என்ற ஒரே விதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த விதி வேலை செய்ய, கூப்பிடுவது கேட்க வேண்டும்.

அலை யாருடையது

இதை வைத்து, அனுமதியில்லாத வானொலி எல்லாமே ஒழிய வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். நம் நாட்டிலேயே மிக மரியாதைக்குரிய பைரேட் நிலையம் 1942-ல் பம்பாயில் இருந்தது. உஷா மேத்தாவுக்கு அப்போது 22 வயது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் முன்னணித் தலைவர்கள் சிறையில் இருக்க, 42.34 மீட்டரில் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார். போலீஸ் மோப்பம் பிடிப்பதற்குள் வீடு மாற்றி வீடு மாற்றி, ஆகஸ்டிலிருந்து நவம்பரில் பிடிபடும் வரை. பத்திரிகைகள் போட முடியாத செய்திகளை அது சொன்னது. 1933-ஆம் வருஷக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி பார்த்தால் அது குற்றம். அந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்து வருஷம் நம் தலைமேல் இருந்தது.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் ஒரு ஊர்க்காரர் தன் பேச்சை ஒலிபரப்ப வழி திறக்க வருஷங்கள் ஆயின. கல்வி நிறுவனங்களுக்கு முதலில், தொண்டு நிறுவனங்களுக்கு 2006-ல். எங்கள் மாவட்டத்துக்கு அதனால் கிடைத்தது பாம்பனில் 2016-ல் தொடங்கிய ‘கடல் ஓசை’, 90.4. மீனவர்களுக்காகவே நடக்கிற நிலையம். காற்று எப்படி, கடல் எப்படி, மீன் என்ன விலை, நடுவில் பாட்டு. சமுதாய வானொலிக்கு அனுமதித்த உச்ச அளவு நூறு வாட்தான். அதாவது ஒரு ஹாலந்து பைரேட்டின் அதே அளவு சக்தி, அதே சின்ன அறை, அதே ஆர்வம். ஒன்றுக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. இரண்டையும் கேட்கிற எனக்கு மனிதர்கள் ஒரே ஜாதியாகத்தான் தெரிகிறார்கள். ஒருவேளை ஐரோப்பாவில் சிற்றலையில் பேச ஒரு தனிமனிதனுக்குச் சின்னதாக, மலிவாக ஒரு அனுமதி எங்கும் கிடைத்தால் இவர்களில் பலர் நாளைக்கே அங்கே போய்விடுவார்கள் என்றே நம்புகிறேன்.

கொல்லத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். என்னைவிடப் பழுத்த கேட்பாளர். மாமா சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் அமெச்சூர் வானொலிக்காரர்களின் பட்டைக்குள் தென்கிழக்காசிய மீன்பிடிப் படகுகள் ராத்திரி முழுக்கப் பேசிக்கொள்கின்றன, அவர்களுக்கு யார் புத்தி சொன்னார்கள் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே கெடுவது ஒருவருடைய பொழுதுபோக்கு. 6215-ல் கெடுவது வேறு. பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்: “கேட்கிறவர்கள் கண்டிஷன் போட ஆரம்பித்தால் இவர்கள் முகவரி கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். இந்த உலகமே நம்பிக்கையில் ஓடுகிறது.” அதை என்னால் மறுக்க முடியவில்லை. எனக்கு வந்த அட்டைகள் அத்தனையும் அந்த நம்பிக்கையில் வந்தவை.

ஆனாலும் எழுதினேன். அறிக்கையின் கடைசியில், பாட்டுக்கும் குரலுக்கும் நன்றி சொன்ன பிறகு, இரண்டு வரி. நான் மீன்பிடிக் கிராமத்திலிருந்து கேட்கிறேன். தயவுசெய்து 6215-லிருந்தும், எண்ணிலக்க அழைப்பு போகிற 6312-லிருந்தும் பத்து கிலோஹெர்ட்ஸாவது தள்ளி நில்லுங்கள் என்று. சட்டப்படி முழுப் பட்டையுமே கப்பல்களுடையது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது சட்டத்துக்காக இல்லை. இந்த இரண்டு இடத்தை மட்டும் விட்டுவிட்டால் மிச்ச இடத்தில் அவர்கள் பாடட்டும் என்பதுதான் என் கட்சி. பைரேட்டைப் பிடிக்கத் தேடி வருகிற அதிகாரிகளும் ஆபத்து அலைவரிசையை ஒட்டி நிற்பவரைத்தான் முதலில் தேடுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதினேன். அது அவர்களுடைய நன்மைக்கும்தான்.

சிலர் பதிலே போடவில்லை. ஒருவர், உங்கள் கிராமத்தின் பெயரை ஒலிபரப்பில் சொல்லலாமா என்று மட்டும் கேட்டார். ஒருவர் கோபமாக, ஒலிபரப்பு தொடங்குமுன் அரை மணி நேரம் அந்த இடத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் போகிறேன், கடலைப் பற்றி எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம் என்று எழுதினார். அந்தக் கோபத்தில் ஒரு மரியாதை இருந்தது. அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை; அவர் காதுக்கு எட்டுகிற கடல் வேறு, அவர் பாட்டு போய்ச் சேருகிற கடல் வேறு, அவ்வளவுதான். அதை விளக்கி மறுபடி எழுதினேன். வேறொருவர் இரண்டு வாரம் கழித்து 6290-க்கு மாறினார். காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே அவர் எனக்கு முன்னைவிட மங்கலாகத்தான் வருகிறார்.

6220-காரர் அசையவில்லை. அக்கார்டியன்காரர், அன்றைக்கு மாமாவும் சேர்ந்து கேட்ட அதே நிலையம். அந்தப் பட்டையில் அவருடையதைவிட நல்ல நிகழ்ச்சி கிடையாது. பாட்டுத் தேர்வும் பேச்சும் அவ்வளவு சுத்தம். இரண்டு முறை எழுதிவிட்டேன். வரும் பனிக்காலத்திலும் அவரைத் தேடிக் கேட்கத்தான் போகிறேன், அதை நிறுத்த எனக்கு மனசு இல்லை. கொல்லத்து நண்பர், கேட்டால் அறிக்கை அனுப்புவதுதான் முறை என்கிறார். அக்கார்டியன்காரர் 6220-ஐ விட்டு நகரும்வரை நான் அனுப்பப் போவதில்லை.